தீராத நோயாளியோடு வாழ்தல்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



நான் வைத்திய மாணவன் அல்லன். ஆகவே நோயைத் தீர்ப்பது பற்றியன்று, தீராத நோயுற்ற ஒருவரோடு ஒரே வீட்டில் வாழ்வது பற்றியே பேச வந்துள்ளேன்.

1872ஆம் ஆண்டிலே ஜோர்ஜ் ஹன்ரிங்ரன் என்னும் 22 வயது அமெரிக்க வைத்தியர், தந்தையாரும் பாட்டனாரும் வைத்தியம் பார்த்த குடும்பங்களில் கண்ட நோயொன்றை விவரித்து எழுதினார். அவர் பெயரே அந்நோய்க்கு நிலைத்தது. பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதிலே அது தலைகாட்டும். கைகால்கள் தாமாக அசையும், பேச்சுக் குழறும், விழுங்குவது கடினமாகும், குணமும் மாறும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒரு பங்கு அது வரக்கூடும்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற நாட்டுப்பாடகர் வூடி கத்ரியின் தாயாருக்கு இந்நோய் இருந்தது; அவருக்கும் வந்தது. தள்ளாடிய அவரைக் குடிகாரன் என்றே பலர் எண்ணினர். 1952இலேதான் நோய் இன்னதெனத் தெரிந்தது. அவருடைய மனைவி மார்ஜரி சட்டப்படி பிரிந்து சென்றவர். இருந்தும் வைத்தியசாலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டியவரும் அவரே. வூடியின் பேச்சு நின்றபின் 'ஆம்', 'இல்லை' என்றெழுதிய அட்டைகளை வைத்து அவர் எண்ணத்தை அறிந்துகொண்டார். 1967இல் தமது 55ஆவது வயதிலே வூடி காலமானார்.

அந்த அட்டைகளைப் பற்றி நான் பலமுறை யோசித்ததுண்டு. இந்நோயாளியின் விடை தாமதித்தே வரும். நாமோ இரண்டு கணம் பொறுத்துவிட்டு, "புத்தி போய்விட்டது" என்று எழுந்துவிடுகிறோம். "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்பதிலும் "சோறா, கஞ்சியா?" என்று கேட்டுக் காத்திருப்பது அவருக்கு எளிது. ஓயாத அசைவினால் உடல் மெலியுமாதலால் மற்றவர்களிலும் அதிகமாக உணவு வேண்டும். நிமிர்த்தி இருத்தி, சிறு சிறு கவளமாக, பேச்சுக் கொடுக்காமல் ஊட்டவேண்டும். புரையேறுவது உயிருக்கே ஆபத்து. "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவர் சாதிப்பது பொய்யுமன்று, பிடிவாதமுமன்று. தன் நோயைத் தானே உணரும் ஆற்றலையும் இந்நோய் கெடுத்துவிடுகிறது. அவரோடு வாதாடிப் பயனில்லை.

இவ்வளவையும் செய்வது யார்? எங்கள் வீடுகளில் மனைவி, அல்லது மூத்த மகள். ஆண்பிள்ளைகள் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுகிறோம். இரவில் முறைவைத்து விழித்திருக்க எங்களால் முடியாதா?

பெரியோர்களிடம் ஒன்று கேட்கத் துணிகிறேன். தந்தைக்கு ஊட்டும் மகள், தன் பிற்காலத்தையும் அங்கே காண்கிறாள். 1993இல் இந்நோய்க்குக் காரணமான மரபணு கண்டுபிடிக்கப்பட்டதனால், இரத்தப் பரிசோதனை மூலம் முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம். அறிவதா, விடுவதா என்பது அவளுடைய முடிவு. கலியாணப் பேச்சுக்காக அவளை வற்புறுத்துவதும் தகாது. வீட்டில் உள்ள நோயை மறைத்து வைப்பதும் தகாது.

மார்ஜரி மறைக்கவில்லை. 1967இலேயே நோயாளிக் குடும்பங்களைச் சேர்த்து ஒரு குழுவை அமைத்தார். 1983 மார்ச்சில் அவர் மறைந்தார். வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரைக் குடும்பங்கள் கொடுத்த இரத்தத்தின் துணையோடு, அந்த மரபணு நான்காவது நிறமூர்த்தத்தில் இருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தது அதே ஆண்டு நவம்பரில்.