தலைநகர் காணப் புறப்படுவோம்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



நம் காலனிக் குடும்பங்களுக்கு ரயில் பிரயாணம் புதிதன்று. ஆனால் நம் வண்டி எப்பொழுதும் தெற்கு நோக்கியே செல்கிறது. கோடை விடுமுறை பிறந்ததும் திருநெல்வேலி, தஞ்சாவூர், சேலம் என்று மூட்டை கட்டுகிறோம். கோயில் கொடை, காதுகுத்து, கல்யாணம், துக்கம் ஆகியவற்றிலேயே விடுப்பும் தீர்கிறது, சேமித்த பணமும் தீர்கிறது. அதைக் குறை கூறோம். வேரை மறந்த மரம் உண்டோ? ஆயினும் கல்யாண் சந்திப்பிலே புனாப் பக்கம் ஒரு தடமும் இகத்புரிப் பக்கம் ஒரு தடமும் பிரிகின்றன அல்லவா? இரண்டாம் தடத்திலே நாசிக்குக்கு அப்பால் சென்றறியாத தாய்மார்கள் நம்மிலே பலர். ஆகவே வரும் பிப்ரவரியில் சங்கத்தின் சார்பாக டில்லி சென்றுவர எண்ணுகிறோம்.

டில்லியில் என்ன காண்பது? கோட்டையும் கோபுரமும் மட்டும் எனில் படத்திலே பார்த்துக்கொள்ளலாம். தாராவி, மாதுங்கா, செம்பூர் மூன்றும் தென் மத்திய மும்பை என்னும் ஒரே நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கியவை. தாராவியின் ஒற்றை அறைக் குடித்தனக்காரரும் செம்பூரின் அடுக்குமாடிவாசியும் சேர்ந்தே ஓர் உறுப்பினரைத் தேர்ந்து அனுப்புகிறோம். அவர் எங்கே அமர்கிறார், என்ன பேசுகிறார் என்பதை நேரிலே பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? 2023 மே 28 அன்று திறக்கப்பட்ட புதிய கட்டடத்திலே மக்களவை கூடுகிறது. சென்னைப் பொற்கொல்லர் 1947இல் செய்தளித்த செங்கோல் அங்கே சபாநாயகர் இருக்கையருகே வைக்கப்பட்டிருக்கிறது. பார்வையாளர் மாடத்துக்கு உறுப்பினர் பரிந்துரையின் பேரிலேயே அனுமதிச் சீட்டு கிடைக்கும். ஆகையால் நம் உறுப்பினருக்கு முன்கூட்டியே விண்ணப்பம் எழுதவேண்டும். வாக்குக் கேட்டு நம் வாசலுக்கு வருபவரின் வாசலுக்கு நாம் ஒருமுறை சென்றால் தகாதோ?

இதனாலேயே நாளும் தீர்மானமாகிறது. பட்ஜெட் கூட்டம் நடப்பது பிப்ரவரி முதற் பகுதியில். தீபாவளி விடுமுறையில் போகலாமே என்பார் சிலர். அப்போது டில்லியின் காற்றிலே புகை மண்டிக் கிடக்கும், ஈளைக்காரர்களுக்கு ஆகாது. டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் வண்டிகள் பல மணி நேரம் தாமதமாகும். மே மாத வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிப்ரவரியில் பள்ளி நடக்குமே என்ற கவலை நியாயமானதே. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளுள்ள வீட்டார் அடுத்த முறை வரட்டும். மற்றப் பிள்ளைகளுக்குச் சில நாள் பாடம் தவறினால் ஈடு செய்துகொள்ளலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இனி வண்டி. இதில்தான் நம்முள்ளே வாதம் எழுந்திருக்கிறது. 1972 முதல் ஓடும் ராஜதானியில் மாலை ஏறினால் மறுநாள் காலை டில்லி. வசதியுள்ளவர்கள் அதையே விரும்புகிறார்கள். ஆனால் அதன் கட்டணம் சாதாரணத் தூங்கும் வகுப்பைப் போலப் பல மடங்கு. தோல் பட்டறையிலும் தையற்கூடத்திலும் நாட்கூலிக்கு உழைப்பவருக்குப் பயணச் செலவு ஒரு பாரம், இழக்கும் கூலி இன்னொரு பாரம். சிலர் ராஜதானியிலும் சிலர் மெயிலிலும் சென்று டில்லியில் கூடுவோம் என்றொரு யோசனை கூறப்பட்டது. அதை நாங்கள் ஏற்கவில்லை. காலனியில் பிரிந்திருப்பது போதாதென்று ரயிலிலுமா பிரிவது? எல்லோரும் பஞ்சாப் மெயிலில், தூங்கும் வகுப்பில் செல்வோம். 1912இலிருந்து ஓடும் வண்டி அது, தாதரிலேயே ஏறலாம். ஓர் இரவும் ஒரு பகலும் பிடிக்கும். கட்டுச்சோறும் பேச்சுத்துணையும் இருக்கையில் அது நீண்ட நேரமன்று.

புதன் மாலை புறப்பட்டால் வியாழன் இரவு டில்லி. வெள்ளியன்று நாடாளுமன்றம். சனியன்று ஷாஜஹான் கட்டிய செங்கோட்டையும் சாந்தினி சௌக்கும். ஞாயிறன்று காலை காந்தி ஸ்மிருதி. 1948 ஜனவரி 30 அன்று மகாத்மா தம் அறையிலிருந்து பிரார்த்தனை மைதானத்துக்கு நடந்த வழியிலே அடிச்சுவடுகள் பதித்து வைத்திருக்கிறார்கள். அவை ஓரிடத்திலே நின்றுவிடுகின்றன. அங்கே அவசரப்படுத்தாமல் பிள்ளைகளை நடக்க விடவேண்டும். பிறகு இந்தியா கேட். மாலையில் ராமகிருஷ்ணபுரத்து மலைமந்திர். 1973இல் எழுந்த அந்தச் சுவாமிநாதன் சந்நிதியில் தமிழ் காதில் விழும். பாட்டிமார்களுக்குக் களைப்புத் தீரும். குதுப் மினாரை இம்முறை விட்டுவிட்டோம். 1981 விபத்துக்குப் பின் உள்ளே ஏறவும் விடுவதில்லை. பன்னிரண்டு இடங்களை ஓடியோடிப் பார்த்து எதுவும் நினைவில் நில்லாமல் திரும்புவதில் என்ன லாபம்?

திங்களன்று செங்கோட்டைக்கும் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்கும் விடுமுறை. தாஜ்மகாலுக்கோ வெள்ளியன்றுதான் விடுமுறை. ஆகவே திங்களன்று ஆக்ரா. செவ்வாய்க்கிழமை காலை அங்கேயே மெயில் ஏறினால் புதன் காலை மும்பை. அன்றே வேலைக்குப் போகலாம். இழப்பது ஐந்து நாட்கூலி. அதை ஈடுகட்ட இப்போதிருந்தே மாதச் சீட்டுப்போல ஒவ்வொரு குடும்பமும் சிறுதொகை செலுத்தி வரவேண்டும் என்று யோசிக்கிறோம். இனாமாக எவரையும் அழைத்துச் செல்லப் போவதில்லை. இனாம் என்றால் மானமுள்ளவர் வரமாட்டார்.

டிக்கெட் விஷயம் கடைசியாக. 2024 நவம்பர் முதல் முன்பதிவு அறுபது நாட்களுக்கு முன்னரே தொடங்குகிறது. ஆகவே டிசம்பரில் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஒரு சீட்டில் ஆறு பெயர் வரையில் எழுதலாம். ஐந்து வயதுக்கு மேல் பன்னிரண்டுக்குள் உள்ள பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், கேளாவிடில் பாதி. முதியோர் சலுகை 2020இல் நிறுத்தப்பட்டது என்பதைப் பெரியவர்கள் கவனிக்க. ஆயினும் அறுபது கடந்த ஆண்களுக்கும் நாற்பத்தைந்து கடந்த பெண்களுக்கும், இடமிருந்தால், கீழ்ப் படுக்கை கிடைக்கும். வயதைக் குறைத்துச் சொல்ல வேண்டாமெனத் தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

பெயரிலும் ஒரு சிக்கல். ஊரிலே தலையெழுத்தும் பெயரும் போதும். இங்கே தகப்பனார் பெயரும் குடும்பப் பெயரும் கேட்கிறார்கள். ஒரே வீட்டில் அண்ணன் ஒருவகையாயும் தம்பி வேறுவகையாயும் எழுதப்பட்டிருப்பதுண்டு. ஆகவே அடையாள அட்டையிலுள்ளபடியே, எழுத்து மாறாமல், பெயரை எழுதித் தரவும். கம்பளிச் சட்டை உபரியாக வைத்திருப்போர் அதையும் எழுதித் தந்தால், இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இரவல் வாங்கிக்கொள்ள உதவும். பெயர்ப் புத்தகம் கூடத்தின் வாசலருகே மேசைமேல் இருக்கிறது.