பூ வாடினாலும் இலையைக் காப்போம்



ஹையசிந்து என்றதும் ஆகாயத்தாமரை நினைவுக்கு வரலாம். இது அதுவன்று, துருக்கி, சிரியா பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட, வெங்காயம் போன்ற குமிழ்ச்செடி. இன்று நெதர்லாந்தில் பெருமளவில் பயிராகிறது. ஐரோப்பியர் இதைத் தொட்டியில் நட்டு, கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீட்டிற்குள் மலரச் செய்கின்றனர்.

இதற்கு முதல் தேவை குளிர். நட்ட குமிழைச் சுமார் 9 டிகிரி செல்சியஸ் குளிரில், இருட்டில், 10 வாரங்களுக்குக் குறையாமல் வைக்கின்றனர். குளிர் போதாவிட்டால் பூந்தண்டு நீளாது. பூ இலைகளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

மொட்டு வந்தபின் வெளிச்சமான, குளிர்ந்த அறையே ஏற்றது. கணப்படுப்பின் அருகே வைத்தால் பூ விரைவில் வாடும். மண்ணில் ஈரமிருந்தால் போதும். நீர் தேங்கினால் குமிழ் அழுகும். வெளியூர் செல்பவர்கள் நீர் விட்டு, வடிந்தபின், வீட்டிலேயே மிகக் குளிர்ந்த அறையில் தொட்டியை வைத்துச் செல்லலாம்.

பூ வாடியதும் செடியை எறிவது தவறு. பூந்தண்டை மட்டும் நறுக்கி, இலை தானே மஞ்சளாகும் வரை நீர் விட வேண்டும். வெங்காயத் தாளை இளமையிலேயே அறுத்தால் காய் திரளுமா? அதுபோலத்தான் இதுவும். தேறிய குமிழை அந்நாட்டுத் தோட்டத்தில் நட்டால் பின்வரும் ஆண்டுகளில் பூக்கும்.

குமிழைத் தொட்டால் கை அரிக்கும். கையுறை அணிவது நல்லது. ஆடுமாடுகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

நம் சமவெளியில் இக்குளிர் இல்லை. ஆகவே ஆசைப்பட்டு வாங்குவோர், குளிரூட்டிய குமிழா என்று கேட்டே வாங்குங்கள். இல்லையேல் காசுதான் வீண்.