பழைய கோவாவில் ஒரு பிற்பகல்

(ஆலயப் பொன்விழா ஆயத்தக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



2024 டிசம்பரில் நம் பங்கிலிருந்து ஒரு பேருந்து நிறையப் பழைய கோவாவுக்குத் திருயாத்திரை போய்வந்தோம். புனித சவேரியாரின் திருவுடலைப் போம் ஜேசு ஆலயத்திலிருந்து பேராலயத்துக்கு எடுத்து வந்து, பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் பார்வைக்கு வைக்கும் காலம் அது. வரிசையில் கால்கடுக்க நின்றதையும், கட்டிக்கொண்டு போன புளிச்சோறு பாதி வழியிலேயே தீர்ந்ததையும் வந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வந்தது வேறு. தரிசனம் முடிந்து எல்லோரும் ஜெபமாலைக் கடைகளில் நின்றபோது, நாங்கள் ஐந்தாறு பேர் மட்டும் மேற்கே இருந்த மேட்டில் ஏறினோம்.

அங்கே அகுஸ்தீன் சபைத் துறவியரின் மடமும் ஆலயமும் இருந்தன. 1597ல் தொடங்கி 1602ல் கட்டி முடித்த ஆலயம். இன்று நிற்பது, 46 மீட்டர் உயரத்துக்குச் செம்புரைக்கல்லால் எழுப்பிய மணிக்கோபுரத்தில் ஒரு பாதி. 1835ல் போர்த்துக்கீசிய அரசு துறவியரை வெளியேற்றியது. பராமரிக்க ஆளில்லை. ஏழே ஆண்டில், 1842ல், கூரை வளைவு இடிந்து விழுந்தது. 1931ல் முகப்பும் கோபுரத்தின் பாதியும் சரிந்தன. மணி மட்டும் தப்பிப் பஞ்சிம் நகரத்து அமல உற்பவ அன்னை ஆலயத்தில் தொங்குகிறது. தரையில் கல்லறைக் கற்கள். தலைக்கு மேல் வானம்.

எங்களோடு வந்த ஒரு பாட்டி கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத்தனை கோயிலைக் கட்டினவங்க எல்லாம் எங்க சாமி போயிட்டாவ?" என்று கேட்டார்கள். குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்தவன்தானே, அங்கேயே பதில் சொல்லத் தொடங்கினேன். 1510ல் அல்புகெர்க் பிஜப்பூர் சுல்தானிடமிருந்து பிடித்த ஊர். கிழக்கே போர்த்துக்கீசியர் ஆண்ட இடங்களுக்கெல்லாம் தலைநகர். பிறகு டச்சுக்காரர் வந்தார்கள். 1641ல் மலாக்கா போயிற்று, 1658ல் நம் தூத்துக்குடி போயிற்று, 1663ல் கொச்சியும் போயிற்று. வாணிபம் தேய்ந்தது.

ஆனால் டச்சுக்காரர் வருவதற்கு வெகு காலம் முன்பே ஊரைத் தண்ணீர் அரிக்கத் தொடங்கிவிட்டது. மண் நீரை உறிஞ்சும் மண். கழிவுநீர் ஓட ஒழுங்கான வடிகால் இல்லை. அது கிணறுகளில் இறங்கியது. காலராவும் மலேரியாவும் திரும்பத் திரும்ப வந்தன. சவேரியார் தங்கியிருந்த புனித பவுல் கல்லூரியையே, நோய்க்கு அஞ்சி, யேசு சபையினர் விட்டுவிட்டு மேட்டு நிலத்துக்கு மாறினார்கள். 1759ல் ராஜப்பிரதிநிதியும் பஞ்சிமுக்குக் குடிபோனார். 1843ல் பஞ்சிமே தலைநகராயிற்று. காலியான வீடுகளின் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் புது ஊரில் கட்டினார்கள். கோயில்களுக்குக் குறைவில்லாத ஊர்தான். குடிக்க நல்ல தண்ணீர்தான் இல்லை.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. பேராலயத்தின் அருகே, 1560 முதல் 1812 வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, இன்குவிசிஷன் என்ற விசாரணை மன்றம் இருந்தது. விசுவாசத்தின் பெயரால் மனிதரைச் சிறையில் அடைத்தார்கள், சிலரை எரிக்கவும் செய்தார்கள். அந்த மாளிகையின் சுவர் ஒன்றுகூட இன்று இல்லை. குருவாகிய எனக்கு அந்த வெற்றிடத்தில் நிற்க வெட்கமாக இருந்தது.

புனித பவுல் கல்லூரியிலும் எஞ்சியிருப்பது ஒரு வாசல் வளைவுதான். இந்தியாவின் முதல் அச்சுக்கூடம் 1556ல் அந்தக் கல்லூரிக்குத்தான் வந்தது. 1578ல் கொல்லத்தில் அச்சான நம் 'தம்பிரான் வணக்க'த்துக்குத் தமிழ் எழுத்து வார்த்ததில் கோவாவுக்கும் பங்குண்டு. கல்லூரி போய்விட்டது, அந்தச் சிறு புத்தகத்தைத் தமிழ் இன்னும் மறக்கவில்லை.

இனி நம் ஊர்க் காரியம். பொன்விழா நினைவாக நூறு அடியில் மணிக்கோபுரம் கட்டுவது என்று பேசியிருக்கிறோம். அந்த வரைபடத்தைக் கேட்டு வாங்கினவனே நான்தான்; பிறர்மேல் பழி போட மாட்டேன். போன மழைக்காலத்தில் கீழத்தெருவில் எத்தனை வீட்டில் மஞ்சள்காமாலை என்பது உங்களுக்குத் தெரியும். நோயில்பூசுதல் கொடுக்க நான் போனேன். ஒருவரை அடக்கமும் செய்தோம். அந்த வீட்டுக் கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் இடையே பத்தடிகூட இல்லை. கோபுரத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே அந்தக் கிணற்றைக் கடந்து வந்தவன் நான். பழைய கோவாவின் மேட்டில் நின்றபோதுதான் அது நினைவுக்கு வந்தது.

ஆகவே பொறியாளரிடம் இன்னொரு மதிப்பீடும் வாங்கியிருக்கிறேன்: கீழத்தெரு முழுவதற்கும் மூடிய வடிகால், மேட்டில் ஒரு பொதுக் கிணறு, குழாய். கோபுரச் செலவில் பாதிக்குச் சற்று அதிகம். கோபுரத்துக்கென்று நன்கொடை எழுதியவர்களுக்குத் தனித்தனியே கடிதம் போட்டுச் சம்மதம் கேட்பேன். மறுப்பவர்களுக்குப் பணம் திரும்பும். வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் இரண்டு மதிப்பீடுகளையும் வாசிப்போம். பேரவை உறுப்பினர் மட்டுமல்ல, கீழத்தெருக் குடும்பங்கள் அனைத்தும் வரவேண்டும். தாய்மார்களும் வாருங்கள், அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைப்பவர்கள் நீங்கள்தான்.