மழையும் மண்வெட்டியும்



ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்களின் விடுதலைக்காக எஜமான் கேட்ட விலையில் 300 பேரீச்சங்கன்றுகளும் அடங்கும். ஸஹாபாக்கள் முப்பது, இருபது, பத்து எனச் சக்திக்கேற்பக் கொணர்ந்தார்கள். குழி தோண்டவும் உதவினார்கள். நட்டவர்கள் யார்? நபி (ஸல்) அவர்கள், தம் திருக்கரத்தால்! ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ் தோண்டியதும் கடுங்குளிர்க் காலையில், பசியோடுதான்.

நம் மஹல்லாவின் பொதுத் தோட்டத்திற்குப் பெயர் கொடுத்தவர்கள் பலர். சென்ற ஞாயிறு மழையில் வந்தவர்களோ மூன்று முதியவர்கள். (வாலிபர்களுக்குக் குடை கிடைக்கவில்லை போலும்!)

மழையில் ஜமாஅத்திற்கே சலுகை உண்டே என்பீர்கள். உண்டு. இடி மின்னலில் வெட்டவெளியில் நிற்குமாறு மார்க்கம் எவரையும் ஏவவில்லை. நோயாளிகளும் வீட்டிலேயே இருக்கட்டும். ஆனால், தூறலுக்கும் அச்சலுகையைக் கோருவது முறையா? ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் நம் பகுதியில் கன்றுகள் வேர்பிடிக்கின்றன. நீர் தேங்கினாலோ கத்தரி, மிளகாய் நாற்றுகள் வேரழுகிவிடும். வெயில் வரட்டும் என்றிருந்தால் வடிகால் வெட்டிப் பயனில்லை. அந்தக் காய்களை எதிர்பார்த்து இத்தாவிலிருக்கும் சகோதரிகளின் அடுப்புகள் இருக்கின்றன. நட்டதைப் பறவை கொத்தினாலும் நட்டவருக்கு ஸதகா என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள்.

வரும் ஞாயிறு, ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் மண்வெட்டியோடு வாருங்கள். மழைக்கோட்டு இல்லாதவர்களுக்குப் பள்ளிவாசலில் சில இருக்கின்றன.