கலைந்த தொகுப்பும் கலையாத நினைவும்



1930களில் இங்கிலாந்தின் டோனிங்டன் பார்க் தடத்தில் ஜெர்மனியின் வெள்ளிநிறப் பந்தயக் கார்கள் சீறிப் பாய்ந்ததைக் கண்டு வியந்த சிறுவர்களுள் ஒருவர் டாம் வீட்கிராஃப்ட். பின்னாளில் கட்டுமானத் தொழிலில் பொருளீட்டிய அவர், உலகப் போரால் பந்தயம் நின்றுபோன அத்தடத்தை 1971இல் வாங்கினார். தாம் திரட்டிய கிராண்ட் பிரீ கார்களை, 1973 முதல் அங்கேயே பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார். 2009இல் அவர் மறைந்தார். 2018இல் அருங்காட்சியகம் மூடப்பட்டது. கார்கள் பல கைகளுக்குப் பிரிந்து சென்றன.

கார்களை விலைகொடுத்து வாங்கிக் காப்பதற்குச் செல்வர்கள் உளர். எந்தக் கார் எந்தக் கூடத்தில் நின்றது, அதனருகே நின்றபோது நெஞ்சில் எழுந்த உவகை எத்தகையது என்பவற்றையோ, கண்டவர் சொல்லிக் கேட்டவர் எழுதிவைத்தால்தான் காக்க இயலும். பழங்கார் ஆர்வலர்கள் கூடி நினைவுகளைப் பகிர்வது அதனால் வெறும் பொழுதுபோக்கன்று. அதுவும் ஒரு காப்பகப் பணியே.

வீட்கிராஃப்ட் தம் கூடத்தைத் திறந்த அதே 1973இல்தான், நம் சிங்கப்பூரின் அப்பர் தாம்சன் சாலையில் கிராண்ட் பிரீ பந்தயம் இறுதியாக நடைபெற்றது. அதைக் கண்டவர்கள் இன்று மூத்தோர். உங்கள் இல்லத்தில் அத்தகையோர் இருப்பின், அவர் சொல்லும் தமிழிலேயே அந்நினைவைப் பதிந்துவையுங்கள். நாளைக்கெனத் தள்ளிவைக்க வேண்டா.