உண்பதும் தின்பதும்

(பெற்றோரும் ஆசிரியரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)

  

வாய்வழி உட்கொள்ளும் வினையை நம் முன்னோர் ஒரே சொல்லால் குறித்தாரல்லர். சோற்றை வயிறார உட்கொள்வதை உண்ணுதல் என்றனர். முறுக்குப் போன்றவற்றைக் கடித்து மெல்லுவதைத் தின்னுதல் என்றனர். நீர்ப்பொருளைப் பருகுதல் என்றும், தேன் போல்வதை நக்குதல் என்றும், கடலையை ஒவ்வொன்றாய்ப் பல்லிடைப்படுத்துவதைக் கொறித்தல் என்றும் வேறுபடுத்தினர். உண் என்னும் வேரிற் பிறந்தது உணவு. தின் என்னும் வேரிற் பிறந்தது தீனி. இத்துணை நுட்பமாக வேறுபாடு கண்ட இனத்தின் குழந்தைகள், இன்று உண்பதைக் குறைத்துக்கொண்டு தின்பதையே பெருக்கி வருகின்றனர். இன்றைய உரையின் பொருள் இதுதான்.

மெலிவும் பருமனும்

குழந்தையின் மெலிவைக் கண்டு வருந்தும் நாம், பருமனைக் கண்டு மகிழ்கிறோம். 'கொழுகொழு'வென்று இருப்பதே நலத்தின் அடையாளம் என்று நம்புகிறோம். அந் நம்பிக்கை பிழையானது. அளவுமீறிய உடற்பருமன் அழகுமன்று, செல்வத்தின் அடையாளமுமன்று. நீரிழிவும் குருதிக் கொதிப்பும் ஈரல் கொழுப்பும் இளமையிலேயே நுழைவதற்கு அது திறந்துவைத்த கதவு.

ஐ.நா. அவையின் குழந்தைகள் நல அமைப்பு 2025இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் 5 முதல் 19 அகவை வரை உள்ளோருள், மிகுபருமன் உடையோர் 9.4 விழுக்காடு; எடை குறைந்தோர் 9.2 விழுக்காடு. மெலிந்தோரைப் பருத்தோர் விஞ்சியது இதுவே முதன்முறை. தென்னாசியாவும் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவும் மட்டுமே அந் நிலையை இன்னும் எட்டவில்லை. அஃதாவது, வெள்ளம் நம் வாயிற்படியில் நிற்கிறது. வீட்டினுள் முழுதும் நுழைந்துவிடவில்லை. அணைகட்டுதற்கு இன்னும் காலம் உண்டு.

ஆனால் நெடுங்காலம் இல்லை. ஒன்றிய அரசின் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களுள் எடை மிகுந்தோர் 2015–16இல் 30.9 விழுக்காடு, 2019–21இல் 40.4 விழுக்காடு. ஆடவர் 28.2இலிருந்து 37 விழுக்காடாயினர். அதே கணக்கெடுப்பில், ஐந்து அகவைக்குட்பட்ட நம் குழந்தைகளுள் நான்கில் ஒருவர் அகவைக்கேற்ற உயரம் இல்லாதவர். பெற்றோர் பருத்தும் பிள்ளை குறுகியும் இருக்கும் நாடாகிவிட்டோம்! இரண்டிற்கும் கரணியம் ஒன்றே: வயிறு நிரம்புகிறது, உடலுக்கு வேண்டிய ஊட்டம் சேரவில்லை.

தட்டின் பெருமை

பள்ளியில் உணவளிக்கும் அறத்தை இந் நாட்டுக்குக் கற்பித்தது தமிழகம். 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில், குழந்தை ஒன்றுக்கு நாளுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்க இசைந்தது. 1956இல் காமராசர் நண்பகலுணவைத் தொடங்கினார். 1982 சூலை முதல்நாள் ம.கோ.இரா. அதனைச் 'சத்துணவு' என விரித்தார். கலைஞர் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. இன்று கிழமைக்கு ஐந்து நாள் முட்டை, அதனை உண்ணாதார்க்கு வாழைப்பழம். 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் காலையுணவும் தொடங்கப்பெற்றது. சமைத்த உணவை எல்லா மாநிலத் தொடக்கப் பள்ளிகளிலும் வழங்குமாறு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது 2001இல்தான் என்பதை நினைத்தால், நாம் எத்துணை முன்னே நடந்தோம் என்பது விளங்கும்.

அத்தகைய தட்டை ஏந்துதற்கு இன்று நம் பிள்ளை நாணுகிறது! ஏன்? "அது ஏழைப் பிள்ளைகளுக்கு உரியது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறது. காலையில் கையில் பத்து உருவா பெறுகிறது. முட்டையும் பருப்பும் காயும் இட்ட சுடுசோற்றை விலக்கிவிட்டு, வாயிற்கடையிற் பளபளக்கும் பையை வாங்கிப் பிரிக்கிறது. அப் பைக்குள் இருப்பன உப்பு, கொழுப்பு, மாவு, சாயம், பாதிக்குமேல் காற்று. ஏழையின் உணவென்று இகழப்பட்டது உடலை வளர்க்கிறது. செல்வர் தீனியென்று போற்றப்பட்டது உடலைக் கெடுக்கிறது. இதனினும் கொடிய அறியாமை வேறுண்டோ?

புட்டியில் அடைத்த இனிப்புநீரை எடுத்துக்கொள்ளுங்கள். 300 மில்லி அளவுள்ள ஒரு புட்டியில் ஏறத்தாழ 30 கிராம் சருக்கரை கரைந்திருக்கிறது, ஆறேழு தேக்கரண்டி. எட்டு அகவைக் குழந்தைக்கு இவ்வாறு சேர்க்கும் சருக்கரை நாளுக்கு 40 கிராமைத் தாண்டலாகாது, 20 கிராமுக்குள் நிற்பதே நன்று என்பது உலக நலவாழ்வு அமைப்பின் அளவுகோல்வழிக் கிடைக்கும் கணக்கு. ஒரு புட்டியிலேயே நல்லளவு கடந்துவிடுகிறது.

சட்டம் உறங்கவில்லை, செயல் உறங்குகிறது. கொழுப்பும் உப்பும் சருக்கரையும் மிகுந்த தீனியைப் பள்ளிக்குள்ளும், வாயிலிலிருந்து ஐம்பது மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இலேயே நெறி வகுத்துவிட்டது. அந்த ஐம்பது மீட்டரை அளந்து பார்த்த ஊர் எத்தனை?

நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்

தூயதமிழ் அன்பர்கள் சினங்கொள்ளாது கேட்க வேண்டிய ஒன்றும் உண்டு. பிசுகட்டை 'ஈரட்டி' என்றோம்; நன்று. ஆனால் பெயரைத் தூய்மையாக்கிவிட்டுப் பொருளைப் பிள்ளையின் வாயில் நாள்தோறும் திணிப்பது எவ்வகைத் தமிழ்ப்பணி? மேடையில் கம்பையும் கேழ்வரகையும் புகழ்ந்துவிட்டு, வீட்டிற் புகுந்ததும் வெள்ளை மாவடையைத் தேடுவது எவ்வகைக் கொள்கை? நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணச்சத்து உண்டு. தீட்டிய வெள்ளரிசி அதன் அருகிலும் வாராது. சொல்லை மீட்டவர்கள் அச் சொல் குறிக்கும் கூழையும் மீட்க வேண்டாவா?

'மருந்து' என்று தலைப்பிட்டுப் பத்துக் குறள் பாடிய வள்ளுவர், அவற்றுட் பெரும்பகுதியை உணவின் அளவுக்கும் செரிமானத்துக்குமே ஒதுக்கினார். நாம் அப் பத்தையும் பிள்ளைக்கு மனப்பாடமாக்கி மதிப்பெண் வாங்கித் தருகிறோம். அதன்படி ஒருவேளை உண்பிக்கிறோமா?

தாய்மாரை மட்டும் குறைகூறுவதும் முறையன்று. விடியலில் வேலைக்குச் செல்லும் தாய்க்கு ஐந்து உருவாப் பை கைகொடுப்பதுபோல் தோன்றுகிறது. அவள் சுமையைக் குறைக்கத்தான் அரசு காலையுணவைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. அதனைப் பயன்கொள்வது இழிவன்று; உரிமை. ஆசிரியர்க்கும் ஒரு சொல்: வளரும் பிள்ளை நாளுக்கு ஒருமணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்பது மருத்துவ நெறி. விளையாட்டு வேளையைப் பறித்துக் கணக்கு நடத்துபவர் கணக்கையும் வளர்ப்பதில்லை, பிள்ளையையும் வளர்ப்பதில்லை.

மற்றொன்று. பருத்த பிள்ளையைப் பட்டப்பெயரிட்டு அழைக்கும் வழக்கம் வகுப்பறையில் உண்டு; வீட்டிலும் உண்டு. அச் சொல் உடலைக் குறைப்பதில்லை, உள்ளத்தையே குறைக்கிறது. நாணிய பிள்ளை விளையாட்டிடத்தைவிட்டு ஒதுங்குகிறது. ஒதுங்கிய பிள்ளை மேலும் பருக்கிறது. குற்றம் பிள்ளையினுடையதன்று. அதன் கையில் அப் பையைக் கொடுத்த நம்முடையது.

செய்ய வேண்டுவன

ஒன்று: பள்ளி மேலாண்மைக் குழு வாயிலிலிருந்து ஐம்பது மீட்டரை அளந்து கோடிடுக. அங்கே கடை வைத்திருப்பவரும் நம்மவரே. அவரைத் துரத்தாமல், வேர்க்கடலையும் கடலைமிட்டாயும் அவித்த பயறும் கொய்யாவும் நெல்லியும் விற்கச் செய்க.

இரண்டு: கிழமைக்கொரு நாளேனும் ஆசிரியர் குழந்தைகளோடு அமர்ந்து அதே நண்பகலுணவை உண்க. ஆசிரியர் உண்ணும் தட்டைப் பிள்ளை இகழாது. உணவின் குறையும் அன்றே தெரியும், அன்றே களையலாம்.

மூன்று: பள்ளித் தோட்டத்தில் முருங்கையும் கீரையும் வளர்க்க. தன் கையால் நட்ட கீரையைப் பிள்ளை ஒதுக்காது.

நான்கு: பிறந்தநாளில் இன்னட்டு வழங்குவதைவிட்டு வாழைப்பழம் வழங்குக.

ஐந்து: விளையாட்டு வேளையை எவரும் பறியாதிருக்க.

பெருமக்களே! மொழியைக் காக்க நாக்கு வேண்டும். அந் நாக்கின் சுவையை வாணிகர் விலைக்கு வாங்கிவிட்டால், அது பேசும் மொழி மட்டும் நம்முடையதாய் நெடுநாள் நிற்குமா? நாளைத் தமிழகத்தைச் சுமக்க வேண்டிய தோள்கள் இன்று பள்ளியில் அமர்ந்திருக்கின்றன. அவை மெலிந்தும் போகாமல், வீங்கியும் போகாமல், உரம்பெற்று வளர வேண்டும். தின்பதைக் குறைப்போம், உண்பதைக் கற்பிப்போம்!

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்க் குழந்தைகள்!