உப்புத்தாளைக் கீழ வைங்க

இங்க கலிஃபோர்னியாவுல, மரின் கவுன்ட்டியில ஒரு வீட்டு வாசல்ல பழைய சைக்கிள் ஒண்ணு கிடந்துச்சு. ‘இலவசம், எடுத்துக்கோங்க’ன்னு அட்டை வேற. முழுக்கத் துரு. ஆனா ஹேண்டில்பார்ல மோட்டார் சைக்கிள் பிரேக் லீவர் மாதிரி நீளமா ரெண்டு லீவர்! அப்படியே நின்னுட்டேன்.

மவுன்டன் பைக் வளர்ந்த ஊரே இதுதான். 1970கள்ல டமால்பைஸ் மலைச் சரிவுல பழைய சைக்கிள்களை ஓட்டின பசங்க, பிரேக் நல்லாப் பிடிக்கணும்னு அந்த மாதிரி லீவரை மாட்டினாங்க. 1981-ல பெரிய அளவுல தயாரிச்சு வித்த ஸ்டம்ப்ஜம்பர்லயும் அதே பாணிதான்.

வீட்டுக்கு வந்ததும் பெயின்ட்டைச் சுரண்ட உப்புத்தாளை எடுத்தேன். நல்லவேளை, முதல்ல சோப்புத் தண்ணியில துடைச்சுப் பார்த்தேன். ஸ்டிக்கர் உரிஞ்ச இடத்துல எழுத்தோட நிழல் மட்டும் மங்கலாத் தெரிஞ்சது: ‘ஸ்டம்ப்ஜம்பர்’. சுரண்டியிருந்தா அதுவும் போயிருக்கும்.

அடுத்து தேதி. அந்தக் காலத்து ஷிமானோ பாகங்கள்ல ரெண்டு எழுத்து குத்தியிருக்கும். முதல் எழுத்து வருஷம், ‘ஏ’ன்னா 1976. ரெண்டாவது மாசம். என் கியர்ல ‘ஜிஎல்’. அதாவது 1982 டிசம்பர். ஆனா இடையில யாராவது கியரை மாத்தியிருக்கலாம். அதனால பெடல் அச்சுக்கு அடியில இருக்கிற ஃபிரேம் நம்பரையும் சேர்த்துப் பாருங்க.

லெகஸி கோடு மாதிரிதான் மக்களே. முதல்ல படிங்க, அப்புறம் கை வைங்க.